சிங்கப்பூரில் ஆங்கில ஆசிரியர் ஆக வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்நிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். வீட்டில் தமிழ். பல்கலைக்கழகத்துக்கு முன் எழுதும் ‘ஏ’ நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும் பழைய மாணவர்கள், அவர்களுடைய அம்மா அப்பா, உறவுக்காரர்கள், கோயிலில் பார்ப்பவர்கள் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளோடு வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டுவதற்குப் பதிலாக இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

ஆங்கிலத்தில் பட்டம் வாங்கினால் ஆசிரியர் ஆகிவிடலாமா?

அது மட்டும் போதாது. பட்டம் வேறு, ஆசிரியர் பயிற்சி வேறு. அரசாங்கப் பள்ளிகளுக்கு ஆள் எடுப்பது கல்வி அமைச்சு. பயிற்சி தருவது தேசியக் கல்விக் கழகம், அதாவது எல்லாரும் என்ஐஇ என்று சொல்வது. நாடு முழுவதற்கும் அந்த ஒன்றுதான். 1991இல் இப்போதைய வடிவத்துக்கு வந்தது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கம், அதே வளாகத்துக்குள் இருக்கிறது.

வழி இரண்டு. முதலாவது, என்ஐஇயிலேயே நான்கு ஆண்டுப் பட்டம். பாடமும் கற்பிக்கும் முறையும் சேர்ந்தே வரும். முடிக்கும்போது நீங்கள் பயிற்சி பெற்ற ஆசிரியர். இரண்டாவது, எந்தப் பல்கலைக்கழகத்திலாவது ஆங்கிலம் படித்துவிட்டு, அப்புறம் என்ஐஇயில் பட்டமேற்படிப்பு டிப்ளோமா. இதைப் பிஜிடிஇ என்பார்கள். பல ஆண்டுகள் 16 மாதப் படிப்பாக நடந்தது. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டில் எத்தனை மாதம் என்பதை அமைச்சின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. பிஜிடிஇக்குப் போகிறவர் பணம் கட்டிப் படிக்கும் மாணவர் இல்லை. அமைச்சு முதலில் அவரை வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்து, அப்புறம்தான் படிக்க அனுப்புகிறது. ஆகவே “என்ஐஇயில் இடம் கிடைக்குமா?” என்று கேட்பதைவிட “அமைச்சு என்னை எடுக்குமா?” என்று கேட்பதுதான் சரி.

இரண்டு வழியில் எது நல்லது?

பதினெட்டு வயதிலேயே ‘ஆசிரியர்தான், வேறெதுவும் இல்லை’ என்று தெளிவாக இருப்பவருக்கு முதல் வழி. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் இரண்டாவது. ஆங்கிலப் பட்டம் கையில் இருந்தால் பத்திரிகை, பதிப்பு, அரசாங்கத் தொடர்புத் துறை என்று மற்ற கதவுகளும் திறந்திருக்கும். பட்டம் முடித்து, வேறு வேலை பார்த்து, முப்பது வயதில் என்ஐஇக்கு வந்தவர்களும் நிறையப் பேர் உண்டு. அவர்கள் வகுப்பில் நிற்கும் தோரணையே வேறு, மாணவர்கள் மதிக்கிறார்கள்.

பெற்றோர் தள்ளிவிட்டதால் நான்கு ஆண்டுப் படிப்பில் சேர்ந்த பிள்ளையை நினைத்தால்தான் கவலை. நடுவில் மனம் மாறினால் படிப்பை மட்டும் விட்டுவிட்டு வர முடியாது, அமைச்சோடு போட்ட ஒப்பந்தத்தையும் முறிக்க வேண்டியிருக்கும்.

பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் என்றால் இலக்கணம்தானே சொல்லிக்கொடுப்பார்கள்?

இல்லை. இது தெரியாமல் போய் முதல் பருவத்திலேயே திகைத்து நிற்கிற பிள்ளைகள் உண்டு. ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் அங்கே பாடமே தொடங்கும்.

ஒரு பக்கம் இலக்கியம். நாடகம், கவிதை, நாவல், கூடவே கோட்பாடு. ஷேக்ஸ்பியரும் இருப்பார், காலனி ஆட்சிக்குப் பின் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆங்கிலத்தில் எழுதியவர்களும் இருப்பார்கள், சிங்கப்பூர் எழுத்தும் இருக்கும். இன்னொரு பக்கம் மொழியியல். ஒலிகள் எப்படிப் பிறக்கின்றன, வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது, சமுதாயத்தில் யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள், குழந்தை மொழியை எப்படிப் பிடிக்கிறது என்பதெல்லாம் இதில் வரும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மொழி தனி, இலக்கியம் தனி எனப் பிரித்து முதன்மைப் பாடமாக எடுக்கலாம். நன்யாங்கில் ஆங்கிலம் ஒரு பிரிவு, மொழியியலும் பன்மொழி ஆய்வும் இன்னொரு பிரிவு. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்க நினைப்பவர்களுக்குச் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம். யூனிசிம் என்ற பழைய பெயர் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

ஆசிரியர் ஆகப்போகிறீர்கள் என்றால் மொழியியலைத் தவிர்க்காதீர்கள் என்பேன். இலக்கியம் மட்டும் படித்தவர்கள் கவிதையை அருமையாக நடத்துவார்கள். “சார், இங்கே ஏன் ‘ஹேட்’, ஏன் ‘ஹேஸ்’ இல்லை?” என்று ஒரு பையன் கேட்டால், “காதுக்கு அப்படித்தான் சரியாக இருக்கிறது” என்று மழுப்பிவிடுவார்கள். வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளராத பிள்ளைக்கு அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. அந்தக் காதே அவனுக்கு இன்னும் உருவாகவில்லையே.

அந்த மொழியியல் வகுப்பறையில் எதற்கு உதவும்? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு கட்டுரைக் கட்டைத் திருத்துவதையே எடுத்துக்கொள்வோம். உயர்நிலை ஒன்று, மேசையில் நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவான தாள்கள். முதல் தாளில் ‘எஸ்டர்டே ஐ கோ’. ஆறாவது தாளில் ‘ஷி ஹேஸ் கம் எஸ்டர்டே’. இரண்டுக்கும் சிவப்பு மையில் ‘காலம்’ என்று ஓரத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே பிழை இல்லை.

முதலாவது, சீனமோ மலாயோ பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் அதிகம் பார்க்கலாம். அந்த மொழிகளில் காலத்துக்காக வினைச்சொல் உருமாறாது. ‘நேற்று’ என்று சொல்லிவிட்டாலே போதும், வேலை முடிந்தது. தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் குறைவு. ‘போனேன்’, ‘போகிறேன்’, ‘போவேன்’ என்று வினை மாறுவது அதற்குப் பழகிப்போன ஒன்று.

இரண்டாவது பிழை தமிழ்ப் பிள்ளையிடம் வரும். ‘அவள் நேற்றே வந்திருக்கிறாள்’ என்று நாம் கூசாமல் சொல்வோம், தமிழில் அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆங்கிலத்திலோ ‘ஹேஸ் கம்’ வந்துவிட்டால் பக்கத்தில் ‘எஸ்டர்டே’ நிற்கக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் விளக்கினால் அடுத்த கட்டுரையில் அந்தப் பிழை குறையும். வெறுமனே வட்டம் போட்டால் ஆண்டு முழுக்க வட்டம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

‘தி’, ‘எ’ விடுபடுவது மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொது. நம் மொழிகள் எதிலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் கட்டாயமாக ஒன்றை ஒட்டும் பழக்கம் இல்லை. ஆகவே அது கவனக்குறைவு இல்லை, புதிதாகக் கற்க வேண்டிய ஒன்று. இது தெரிந்த ஆசிரியர் பிள்ளையைத் திட்டமாட்டார்.

அப்புறம் இன்னொரு வகை உண்டு. இலக்கணத்தில் ஒரு பிழையும் இருக்காது, கட்டுரையில் உயிரும் இருக்காது. எல்லாக் கதையிலும் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை வழியும், இதயம் சம்மட்டியால் அடித்தாற்போல் துடிக்கும். துணைப்பாட நிலையத்தில், அதாவது டியூஷனில், மனப்பாடம் செய்த வரிகள். இதற்கு மொழியியல் உதவாது. அங்கேதான் நீங்கள் படித்த இலக்கியம் கைகொடுக்கும். நல்ல உரைநடை எப்படி இருக்கும் என்று வாசித்துக் காட்ட உங்களிடம் பத்துப் பக்கமாவது இருக்க வேண்டும்.

நாங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். என் மகள் ஆங்கில ஆசிரியர் ஆக முடியுமா?

தாராளமாக. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்தும் அதற்கு மேலும் வயதுள்ள சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். தமிழுக்கு 2.5. அதாவது, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டில் முதலிடம் வேறு ஏதோ ஒரு மொழிக்குத்தான். ஆங்கில ஆசிரியர்கள் எல்லாரும் ஆங்கிலம் பேசும் வீட்டிலிருந்துதான் வர வேண்டுமென்றால் நம் பள்ளிகளை நடத்த முடியாது.

முன்னோடி வேண்டுமானால் எட்வின் தம்புவைச் சொல்லலாம். 1933இல் பிறந்தவர், அப்பா தமிழர், பள்ளி ஆசிரியர். அம்மா தியோச்சியூ பெரானாக்கான் சீனர். சிங்கப்பூரின் ஆங்கிலக் கவிதைக்கு அடையாளமாகவும், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராகவும் ஆனார்.

உச்சரிப்புப் பற்றி ஒன்று. பிபிசிக்காரர் மாதிரிப் பேச வேண்டியதில்லை. வகுப்பின் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்க வேண்டும், சொல்லின் கடைசி மெய்யை விழுங்கக் கூடாது, அவ்வளவுதான். அமைச்சு வைக்கும் ஆங்கிலத் தகுதித் தேர்வு ஒன்று உண்டு. பள்ளித் தேர்வுகளில் ஆங்கிலத்தில் வாங்கிய மதிப்பெண்ணைப் பொறுத்துச் சிலருக்கு விலக்கு கிடைக்கும்.

வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு எல்லாரும் ஆங்கிலத்துக்கு மாறலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். பாட்டியின் தமிழை நிறுத்தி அம்மாவின் தயங்கும் ஆங்கிலத்தைக் கொடுப்பதால் பிள்ளைக்கு இரண்டும் அரைகுறையாகும். அதற்குப் பதில் நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தமிழ் இவ்வளவு நன்றாக வருகிறது. தமிழாசிரியர் ஆகாமல் ஏன் ஆங்கிலம்?

இதைப் பெற்றோரைவிட மாமாக்கள்தான் அதிகம் கேட்கிறார்கள்! தமிழாசிரியர்கள் நமக்கு நிச்சயம் தேவை. பிள்ளைக்கு அதில் நாட்டம் இருந்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் தமிழ் தெரிந்தவர் தமிழ்தான் கற்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிவதில்லை. 1987லிருந்து எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. அறிவியலும் கணிதமும் சமூகவியலும் அதன் வழியாகத்தான் பிள்ளைக்குள் போகின்றன. அங்கே தடுமாறும் தமிழ்ப் பிள்ளையைச் சட்டென்று புரிந்துகொள்ளும் ஆங்கில ஆசிரியர் ஒருவர் பள்ளியில் இருப்பது நம் சமூகத்துக்குச் சின்ன லாபமா?

தொடக்கப்பள்ளியா, உயர்நிலைப்பள்ளியா?

இரண்டும் வேறு வேறு வேலை. தொடக்கப்பள்ளியில் ஆங்கிலம் மட்டும் எடுக்கிறேன் என்று சொல்ல முடியாது. பொதுவாகக் கணிதமோ அறிவியலோ சேர்ந்து வரும். ஸ்டெல்லார் என்ற திட்டத்தின்கீழ், பெரிய புத்தகத்தை எல்லாருமாகச் சேர்ந்து வாசித்து, பேசி, அதிலிருந்து எழுதப் போவது அங்கே உள்ள முறை. பள்ளிக்கு வரும்போதே ஆங்கிலத்தில் பின்தங்கியிருக்கும் தொடக்கநிலை ஒன்று மாணவர்களைச் சிறு குழுவாகப் பிரித்து, தினமும் அரை மணி நேரம் தனியாகக் கற்பிக்கும் ஆதரவுத் திட்டமும் உண்டு. எழுத்தே தெரியாமல் வந்த பிள்ளை ஆண்டு முடிவில் ஒரு பக்கம் வாசிப்பதைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் அங்கே போகலாம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 2025 முதல் வாய்மொழித் தேர்வுக்கு 200இல் 40 மதிப்பெண். முன்பு 30. பேச வைக்கத் தெரிந்த ஆசிரியருக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது.

உயர்நிலையில் ஆங்கிலத்தோடு பெரும்பாலும் இன்னொரு பாடம், எடுத்துக்காட்டாக இலக்கியமோ புவியியலோ. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து, மாணவர்களைத் தரம் பிரித்த எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பழைய பிரிவுகள் இல்லை; பாடவாரியாக ஜி1, ஜி2, ஜி3 என்று எளிதிலிருந்து கடினம்வரை நிலைகள்தான். உயர்நிலை முடிவில் எழுதும் ‘ஓ’ நிலை, ‘என்’ நிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே சான்றிதழ்த் தேர்வு 2027இல் வருகிறது. பழைய நினைப்பிலேயே பாடம் திட்டமிட்டால் ஒத்துவராது. வாய்மொழித் தேர்விலும் பத்தியை உரக்க வாசிப்பது போய், காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டு நிமிடம்வரை பேசும் முறை வந்துவிட்டது. வாயைத் திறக்கவே கூச்சப்படும் பதினாறு வயதுப் பையனைப் பேச வைப்பது எப்படி என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் முழுதாகச் சொல்லித்தராது.

பாண்டு உண்டாமே?

உண்டு. படிக்க வைத்ததற்கு ஈடாக இத்தனை ஆண்டு ஆசிரியராக வேலை செய்கிறேன் என்ற ஒப்பந்தம்தான் அது. பிஜிடிஇக்கு மூன்று ஆண்டு. நான்கு ஆண்டுப் பட்டத்துக்கும் உதவித்தொகைக்கும் கூடுதல். நடுவில் விலகினால் இழப்பீடு கட்ட வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒப்பந்தத்தை முழுக்க வாசியுங்கள், அப்பாவையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

பயிற்சியின்போது உண்மையான வகுப்பில் நிற்க வேண்டுமா?

கண்டிப்பாக. அதைத்தான் பலரும் பயப்படுகிற பகுதி என்பார்கள். கடைசிக் கட்டப் பயிற்சி பத்து வாரம். உங்களுக்கென்று வகுப்புகள், பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறிப்பெடுக்கும் மூத்த ஆசிரியர், அவ்வப்போது என்ஐஇயிலிருந்து வரும் மேற்பார்வையாளர். ஒவ்வொரு பாடத்துக்கும் திட்டம் எழுதித் தர வேண்டும். மாணவர்கள் கெட்டிக்காரர்கள். பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும் நாளில் உங்களுக்காகத் தங்கமாக நடந்துகொள்வார்கள், மறுநாள் கணக்குத் தீர்ப்பார்கள்.

அரை நாள் வேலை, நீண்ட விடுமுறை, பெண்களுக்கு நல்ல வேலை என்கிறார்களே?

அரை நாள் என்று யார் சொன்னது? காலை ஏழரைக்கெல்லாம் பள்ளி தொடங்கிவிடும். பாடம் முடிந்தபின் இணைப்பாட நடவடிக்கை, கூட்டம், பெற்றோருக்குத் தொலைபேசி. அப்புறம்தான் திருத்தும் வேலை. ஆங்கில ஆசிரியருக்கு இது கூடுதல். கணக்குத் தாளில் விடையைப் பார்த்துச் சரி போடலாம், கட்டுரையை வரி வரியாக வாசித்தே ஆக வேண்டும். தொடக்கநிலை ஒன்று, இரண்டில் வகுப்புக்கு 30 பேர், அதற்கு மேல் 40 பேர்வரை. உங்களிடம் எத்தனை வகுப்பு என்று பெருக்கிப் பாருங்கள். ஜூனில் நான்கு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம் விடுமுறை உண்டு என்பது உண்மை. அது முழுதும் ஆசிரியருக்கு ஓய்வு இல்லை என்பதும் உண்மை.

‘பெண்களுக்கு நல்ல வேலை’ என்ற பேச்சை நான் கண்டுகொள்வதில்லை. என் பள்ளியில் நன்றாக ஆங்கிலம் நடத்தும் ஆண்களும் இருக்கிறார்கள்.

இந்தியாவில் ஆங்கில எம்.ஏ., பி.எட். முடித்தேன். திருமணமாகி இங்கே வந்திருக்கிறேன். வாய்ப்பு உண்டா?

முதலில் உங்கள் பாஸ், அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி, என்னவென்று பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து கணவரையோ மனைவியையோ சார்ந்து வந்து டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் வேலை செய்ய வேண்டுமென்றால் நிறுவனம் அவருக்கென்று தனியாக வேலை அனுமதி எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு டியூஷன் எடுப்பதும் வேலைதான். அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பி.எட். இங்கே தானாகச் செல்லுபடியாகாது. அமைச்சு ஒவ்வொருவரின் பட்டத்தையும் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்யும். அனைத்துலகப் பள்ளிகளும், பதிவுபெற்ற துணைப்பாட நிலையங்களும் தாங்களே ஆள் எடுக்கின்றன. எதற்கு விண்ணப்பித்தாலும், நிலையம் அமைச்சில் பதிவானதா என்று பார்த்துவிட்டுச் சான்றிதழ்களைக் கொடுங்கள். அசலைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். கதவு மூடிவிட்டதா?

இல்லை. நல்ல மதிப்பெண்ணோடு டிப்ளோமா முடித்தால் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம், அங்கிருந்து பிஜிடிஇ. எழுத்துத் தொடர்பான துறையாக இருந்தால் இன்னும் நல்லது.

பல்கலைக்கழகம் ஆகஸ்டில்தான். அதுவரை சும்மா இருப்பதா?

இதுதான் பொன்னான நேரம். தேசிய சேவை முடித்து வரும் பையன்களுக்கும் நடுவில் சில மாதம் கிடைக்கும். பள்ளிகளுக்கு ரிலீஃப் ஆசிரியர்கள், அதாவது வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுப்பவர்கள், தேவைப்படுவார்கள், நாள் கணக்கில் சம்பளம். மகப்பேற்று விடுப்பில் யாராவது போனால் சில வாரம் ஒரே வகுப்பு கிடைக்கும். அதில் பிடித்துப்போனால் நல்லது. ‘ஐயோ, வேண்டாம்’ என்று தோன்றினால் அதைவிட நல்லது, நான்கு ஆண்டு மிச்சம்.

பணம் வேண்டாம் என்றால், தேசிய நூலக வாரியத்தின் ‘கிட்ஸ்ரீட்’ திட்டத்தில் தொண்டூழியராகச் சேரலாம். நான்கு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் வேலை. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலும் கேட்டுப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கான துணைப்பாட வகுப்புகளை நடத்துவதால் ஆள் தேவை இருக்கும்.

இந்த மாதங்களில் ஆங்கிலத்தில் பிடித்ததையெல்லாம் வாசியுங்கள். தேர்வுக்காக இல்லை. துப்பறியும் கதையாக இருந்தாலும் பரவாயில்லை.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

‘ஏன் ஆசிரியர்?’ கட்டாயம் வரும். ‘சின்ன வயதிலிருந்தே ஆசை’ என்ற பதிலை அவர்கள் அன்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். ரிலீஃப் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளைக்கு எது புரியவில்லை, நீங்கள் என்ன செய்தீர்கள், அது பலித்ததா இல்லையா என்று. பலிக்காததையும் சொல்லலாம், அடுத்து என்ன செய்வீர்கள் என்பது கூடவே வந்தால். கடைசியாக வாசித்த புத்தகத்தைப் பற்றியும் கேட்கலாம். உண்மையில் வாசித்ததையே சொல்லுங்கள், இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும். சான்றிதழ்களின் நகல்களை முதல் நாள் இரவே அடுக்கி வையுங்கள்.